பென் ட்ரைவை மட்டும் குறை சொல்லாதீர்கள், ரீச்சர்

கேள்வி:

தம்பி, நான் வெள்ளவத்தையில் வசிக்கும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. என் லெப்டொப்புக்கு ஆறு வயது. போன வருடம் ஆமை வேகத்துக்கு வந்துவிட்டதால் ஒரு கடையில் கொடுத்தேன். 1000 ஜிபி ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி 256 ஜிபி எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க் போட்டுத் தந்தார்கள். இப்போது விண்டோஸ் 11 நன்றாக ஓடுகிறது. ரொறன்ரோவில் இருக்கும் மகன், "பழுதாகிறதுக்கு முதல் ஒரு ரிக்கவரி ட்ரைவ் செய்து வையுங்கோ அம்மா" என்றான். விண்டோஸ் படுத்துவிட்டால் அதை மீட்கும் பென் ட்ரைவாம். 16 ஜிபி பென் ட்ரைவ் ஒன்று வாங்கி முயன்றேன். 'இந்தக் கணினியில் ரிக்கவரி ட்ரைவ் உருவாக்க முடியாது, தேவையான சில கோப்புகளைக் காணவில்லை' என்று வந்தது. பென் ட்ரைவ் சரியில்லை என்று நினைத்து, புறக்கோட்டை நடைபாதையில் 64 ஜிபி ஒன்று மலிவாக வாங்கினேன். அதற்கும் அதே செய்தி. பிறகு அதே 64 ஜிபியைக் கொட்டாஞ்சேனையில் தங்கையின் விண்டோஸ் 10 லெப்டொப்பில் போட்டுப் பார்த்தேன். ஒன்றரை மணித்தியாலம் ஓடி, முடியும் தறுவாயில் 'ரிக்கவரி ட்ரைவை உருவாக்கும்போது ஒரு பிரச்சினை ஏற்பட்டது' என்று நின்றுவிட்டது. இரண்டு லெப்டொப்பிலும் தோல்வி, இரண்டுக்கும் பொதுவாக இருந்தது அந்தப் பென் ட்ரைவ். ஆகவே நல்ல விலை கொடுத்து 128 ஜிபி ஒன்று வாங்கலாமா? கடைக்காரரைக் கேட்டால், "விண்டோஸைப் புதிதாகப் போடுவம், உள்ளதெல்லாம் அழியும்" என்கிறார். பேரப்பிள்ளைகளின் படங்களும் நான் தட்டச்சு செய்த வினாத்தாள்களும் அதில்தான் இருக்கின்றன. (64 ஜிபியை மருமகன் தன் வான் வண்டியில் பாட்டுக் கேட்கக் கேட்கிறார், கொடுக்கலாமா?)

பதில்:

ரீச்சர், தம்பி என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஐம்பத்துமூன்று வயது. ஆனாலும் கணக்கு ரீச்சர் ஒருவர் தம்பி என்று கூப்பிட்டால் மறுத்துப் பேச எனக்கு இன்னும் துணிவு வரவில்லை. அப்படியே இருக்கட்டும்.

128 ஜிபி வாங்காதீர்கள். உங்கள் கணித நிறுவல் பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் நடுவில் ஓட்டை. இரண்டு பிள்ளைகள் ஒரே கணக்கைப் பிழையாகச் செய்து தந்தால் நீங்கள் விடையை மட்டுமா பார்ப்பீர்கள்? செய்கையைப் பார்ப்பீர்கள் அல்லவா? உங்கள் லெப்டொப் முதல் வரியிலேயே தடுக்கி விழுந்தது. தங்கையுடையது கடைசி வரி வரை ஒழுங்காக வந்து அங்கே விழுந்தது. வந்த செய்திகளும் வேறு வேறு. ஆகவே இவை ஒரு நோயின் இரண்டு அறிகுறிகள் அல்ல, இரண்டு தனி நோய்கள். ஒன்றில் பென் ட்ரைவுக்குப் பங்கு இருக்கலாம். உங்கள் லெப்டொப்பின் விஷயத்தில் அது நிரபராதி.

நம்பிக்கை இல்லாவிட்டால் காசில்லாத ஒரு பரிசோதனை இருக்கிறது. லெப்டொப்பில் எந்தப் பென் ட்ரைவும் செருகாமல், ஸ்டார்ட்டில் 'ரிக்கவரி ட்ரைவ்' என்று தேடி அதே வேலையைத் தொடங்குங்கள். நெக்ஸ்ட் கொடுத்ததும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லும். சுகமாக இருக்கும் கணினி என்றால் அடுத்ததாக 'யூஎஸ்பி ட்ரைவைச் செருகுங்கள்' என்று கேட்கும். உங்களுடையது அதைக் கேட்காமலே கோப்புகளைக் காணவில்லை என்று சொல்லும் என்பது என் கணிப்பு. அதாவது அந்தச் செய்தி வந்த நேரத்தில் விண்டோஸ் உங்கள் பென் ட்ரைவைத் தொடக்கூட இல்லை. 16 ஜிபியில் முன்பு ஏதும் போட்டு வைத்திருந்தால் அது இப்போதும் அப்படியே இருக்கும், பாருங்கள்.

காணாமல் போனது என்ன என்று சொல்கிறேன். விண்டோஸுக்குள் இன்னொரு குட்டி விண்டோஸ் ஒளிந்திருக்கிறது. பெரிய விண்டோஸ் எழும்பாமல் படுத்துவிட்டால் நீலத் திரையில் வந்து, 'பழுது பார்க்கவா, பழைய நிலைக்குத் திரும்பவா' என்று கேட்பது அதுதான். விண்டோஸ் ரிக்கவரி என்விரன்மென்ட் என்று பெயர். நாங்கள் கடையில் வின்ஆர்ஈ என்போம். அது ஒரே ஒரு கோப்பு, வின்ஆர்ஈ.விம். அந்தக் கோப்பு சாதாரணமாகச் சீ ட்ரைவில் இருப்பதில்லை. டிஸ்க்கில் தனியாக வெட்டி வைத்த, ட்ரைவ் எழுத்துகூட இல்லாத ஒரு சின்னப் பகுதியில் இருக்கும். ரிக்கவரி ட்ரைவ் செய்யும்போது விண்டோஸ் முதலில் தேடுவது இந்தக் கோப்பைத்தான். அது இல்லாவிட்டால் மேற்கொண்டு ஓர் அடியும் வைக்காது.

இப்போது உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரிக்கு வாருங்கள்: 1000 ஜிபியைக் கழற்றி 256 ஜிபி போட்டார்கள். எனக்கு அந்த வரிதான் முழுக் கடிதமும். பழையதிலிருந்து புதியதற்கு விண்டோஸை அப்படியே பிரதி எடுத்திருக்கிறார்கள். பெரிய டிஸ்க்கிலிருந்து சின்ன டிஸ்க்குக்குப் பிரதி எடுக்கும்போது எல்லாப் பகுதிகளையும் கொண்டு போக இடம் போதாது என்று, விண்டோஸ் எழும்பத் தேவையான பகுதியையும் சீ ட்ரைவையும் மட்டும் தெரிவுசெய்து மற்றதை விடுவது வழக்கம். வீடு மாறும்போது லொறி சின்னது என்று சாமானறையைப் பூட்டியபடி விட்டு வருவது மாதிரி. முதலுதவிப் பெட்டி அந்த அறையில் இருந்தது யாருக்கும் நினைவு வராது, கை வெட்டுப்படும் வரை. கடைக்காரருடன் சண்டைக்குப் போக வேண்டாம் ரீச்சர். லெப்டொப் வேகமாகிவிட்டது, வாடிக்கையாளர் சந்தோஷமாகப் போகிறார், வின்ஆர்ஈ இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. நானும் எத்தனையோ வருடம் பார்க்காமல்தான் கொடுத்தேன்.

இதை எப்படி உறுதிப்படுத்துவது? ஸ்டார்ட்டில் 'சீஎம்டீ' என்று தேடி, வரும் கொமாண்ட் ப்ரொம்ப்டை ரைட் கிளிக் செய்து 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுங்கள். சாதாரணமாகத் திறந்தால் அனுமதி இல்லை என்று துரத்திவிடும். கறுப்புப் பெட்டியில் ஏஜென்ட் என்ற ஆங்கிலச் சொல்லை எழுதி, அதற்கு முன்னால் ஆர், ஈ என்ற இரண்டு எழுத்தையும் பின்னால் சீ என்ற எழுத்தையும் இடைவெளி இல்லாமல் ஒட்டுங்கள். பிறகு ஓர் இடைவெளி, சாய்கோடு, அதை ஒட்டி இன்ஃபோ (ஐ, என், எஃப், ஓ). சாய்கோடு என்றால் கேள்விக்குறி இருக்கும் பொத்தானில் உள்ளது, மற்றப் பக்கம் சாய்ந்தது அல்ல. என்டர் தட்டினால் ஏழெட்டு வரி வரும். முதல் வரியில் வின்ஆர்ஈயின் நிலை இருக்கும். எனேபிள்ட் என்றால் நான் இவ்வளவு நேரம் அளந்தது பிழை, திரும்ப எழுதுங்கள். டிஸேபிள்ட் என்று போட்டு, அடுத்த வரியில் இடம் வெறுமையாக இருந்தால் என் கணிப்பு சரி.

அதே கட்டளையில் இன்ஃபோவுக்குப் பதிலாக எனேபிள் என்று எழுதி ஒரு தடவை தட்டிப் பாருங்கள். சில வேளை கோப்பு எங்கோ இருக்கும், தொடர்பு மட்டும் அறுந்திருக்கும். அப்படியென்றால் 'ஒப்பரேஷன் சக்ஸஸ்ஃபுல்' என்று வந்து, ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். உங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் அடிக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. 'விண்டோஸ் ஆர்ஈ இமேஜ் கிடைக்கவில்லை' என்ற பதிலைத்தான் எதிர்பார்க்கிறேன்.

மேலே போவதற்கு முன் படங்கள். இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், கணக்கு ரீச்சர் என்றதும் நிறுவலில் இறங்கிவிட்டேன். மகன் சொன்னது நல்ல யோசனைதான், ஆனால் ரிக்கவரி ட்ரைவில் உங்கள் பேரப்பிள்ளைகளின் ஒரு படம்கூட இருக்காது. வினாத்தாளும் இருக்காது. நீங்கள் பிறகு போட்ட தமிழ்த் தட்டச்சு மென்பொருளும் இருக்காது. அது விண்டோஸையும் லெப்டொப்போடு வந்த ட்ரைவர்களையும் (உள்ளே இருக்கும் சாமான்களை இயக்கும் மென்பொருள்கள்) மட்டும் காவும். இன்னும் மோசம், அதைப் பாவித்து மீட்டால் லெப்டொப்பில் அந்த நேரம் இருக்கும் படங்கள் எல்லாம் அழிந்துதான் விண்டோஸ் திரும்ப வரும். எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இதை மாறி விளங்கியிருக்கிறார்கள். 'ரிக்கவரி' என்ற பெயர்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஆகவே இன்றைக்கே ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் படங்களையும் வினாத்தாள்களையும் ஒரு பிரதி எடுங்கள். வினாத்தாள்கள் பெரிய இடம் பிடிக்காது, அவற்றைக் கூகிள் ட்ரைவிலும் போடுங்கள். இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி தாராளம். ஹார்ட் டிஸ்க் சாகும் முன் பல வேளை கரகரவென்று சத்தம் போட்டுக் கொஞ்சம் தவணை தரும். எஸ்எஸ்டி பெரும்பாலும் அந்த மரியாதை தெரியாதது, நேற்று இரவு வேலை செய்தது காலையில் இருக்காது.

பிரதி எடுத்தாயிற்றா? சரி, இனி அந்தக் காணாமல் போன கோப்பு. இரண்டு வழி இருக்கிறது. கையால் செய்வது: மைக்ரோசொஃப்ட் தளத்திலிருந்து விண்டோஸ் 11 ஐஎஸ்ஓ கோப்பை (விண்டோஸ் போடும் டிவிடி முழுவதும் ஒரே கோப்பாக) இறக்கி, அதற்குள் இருக்கும் இன்ஸ்டோல்.விம் என்ற பெரிய பொட்டலத்தை 7-ஸிப் என்ற மென்பொருள் கொண்டு பிரித்து, விண்டோஸ், சிஸ்டம்32, ரிக்கவரி என்று அடுத்தடுத்த கோப்புறைகளுக்குள் போனால் வின்ஆர்ஈ.விம் இருக்கும். அதைப் பிரதி எடுத்து உங்கள் சீ ட்ரைவில் இதே பெயருள்ள கோப்புறையில் வைத்து, முன்பு சொன்ன எனேபிள் கட்டளையைத் திரும்பத் தட்டுவது. சீ ட்ரைவ் பிட்லொக்கரால் (டிஸ்க்கைக் குறியாக்கம் செய்யும் விண்டோஸின் பூட்டு) பூட்டப்பட்டிருந்தால் இந்த வழி முரண்டு பிடிக்கும், வின்ஆர்ஈக்குத் தனிப் பகுதி வெட்டித் தர வேண்டும். நான் செய்வது இந்த வழிதான். உங்களுக்கு நான் சொல்வது மற்றது.

அதே ஐஎஸ்ஓவை இறக்குங்கள். 5 ஜிபிக்கு மேல் வரும், இணையப் பொதியில் இரவுக்குத் தனிக் கணக்கு இருந்தால் படுக்கப் போகும்போது போட்டுவிடுங்கள். லெப்டொப்பில் இப்போது என்ன மொழியில் விண்டோஸ் இருக்கிறதோ அதே மொழியைத் தெரிவுசெய்ய வேண்டும். இங்கே விற்கும் லெப்டொப்புகளில் சில ஐக்கிய அமெரிக்க ஆங்கிலம், சில சர்வதேச ஆங்கிலம். மாறிப்போனால் பிறகு செயலிகளை வைத்துக்கொள்ள விடாது. இறங்கியதும் விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஐஎஸ்ஓவை இரண்டு தடவை கிளிக் செய்தால் ஒரு டிவிடி மாதிரித் திறக்கும். உள்ளே இருக்கும் செட்டப்பை ஓட்டுங்கள். கடைசியில் எதை வைத்துக்கொள்வது என்று கேட்கும் திரையில் 'தனிப்பட்ட கோப்புகளும் செயலிகளும்' என்பது தெரிவாகி இருக்கிறதா என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாருங்கள். அது இல்லாமல் 'ஒன்றும் வேண்டாம்' என்பது மட்டும் கிடைத்தால் அங்கேயே மூடிவிட்டு எனக்கு எழுதுங்கள்.

இது விண்டோஸின் மேல் விண்டோஸையே திரும்பப் போடுவது. ஒரு மணித்தியாலம், சில லெப்டொப்பில் இரண்டு. படங்கள், செயலிகள், கடவுச்சொற்கள் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். போகிற போக்கில் வின்ஆர்ஈயையும் அது திரும்ப நட்டுவிடும், தேவையென்றால் சீ ட்ரைவின் வாலில் கொஞ்சம் வெட்டித் தனிப் பகுதியும் செய்துகொள்ளும். உங்கள் கடைக்காரர் சொல்வது வேறு, டிஸ்க்கை வழித்துத் துடைத்துவிட்டுப் போடுவது. அவருக்கு அது அரைமணி வேலை, பிறகு முறைப்பாடும் வராது, அதனால் அதைச் சொல்கிறார். நீங்களே செய்யப் பயமென்றால் அவரிடமே கொண்டு போய், "கோப்பும் செயலியும் இருக்கத்தக்கதாக ரிப்பெயர் இன்ஸ்டோல் செய்து, வின்ஆர்ஈ எனேபிள் ஆகியிருக்கிறதா என்று எனக்குக் காட்டித் தாருங்கள்" என்று கேளுங்கள். இந்த வசனத்தைத் துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். இப்படிக் கேட்கிற ரீச்சரை ஒருவரும் லேசில் ஏமாற்ற மாட்டார்கள்.

இனி அந்த 64 ஜிபி. நடைபாதையில் மலிவாக 64 என்றதுமே எனக்குச் சந்தேகம். பென் ட்ரைவுக்குள் இரண்டு சாமான் இருக்கிறது: தரவை வைக்கும் சிப், அதை ஆளும் கட்டுப்பாட்டுச் சிப். கொள்ளளவு எவ்வளவு என்று கணினி கேட்டால் பதில் சொல்வது இரண்டாவது. அதைப் பொய் சொல்லப் பழக்கிவிட்டால் 8 ஜிபி சிப்பைக் காட்டி 64 என்று சொல்லும், விண்டோஸும் அப்பாவித்தனமாக நம்பும். ஃபோர்மட் ஆகும், கோப்புப் பெயர்கள் தெரியும், முதல் 8 ஜிபி வரை எல்லாம் ஒழுங்கு. அதற்கு மேல் எழுதுவது ஒன்றில் காற்றில் போகும், அல்லது திரும்ப முதலிலிருந்து பழையதின் மேல் எழுதப்படும். ரிக்கவரி ட்ரைவ் பல ஜிபி எழுதும் வேலை. பாதிவழி வரை பிரச்சினை வெளியே தெரியாது, முடிக்கப் போகும்போது கணக்கு இடிக்கும். ஒன்றரை மணித்தியாலம் ஓடிக் கடைசியில் நின்றது என்று நீங்கள் எழுதியது இதனோடு பொருந்துகிறது.

பொருந்துகிறது என்பதற்காக நிறுவியாயிற்று என்று சொன்னால் நீங்கள் புள்ளி வெட்டுவீர்கள். ஆகவே சோதியுங்கள். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சின்ன இலவச மென்பொருள் இருக்கிறது. ஜெர்மன்காரர்கள் எழுதியது, ஆங்கிலத்திலும் ஓடும். பென் ட்ரைவை வெறுமையாக்கி அதை ஓட்டினால், நிறைய நிறைய எழுதி, பிறகு எழுதியதைத் திரும்ப வாசித்து, உண்மையில் எவ்வளவு தாங்குகிறது என்று சொல்லும். மெதுவான பென் ட்ரைவென்றால் மணித்தியாலக் கணக்கில் எடுக்கும், பின்னேரம் போட்டுவிட்டு வேறு அலுவல் பாருங்கள்.

பென் ட்ரைவ் சோதனையில் தேறிவிட்டால் தங்கையின் லெப்டொப்பைச் சந்தேகிக்க வேண்டும். அங்கே நான் முதலில் பார்ப்பது மின்சார செட்டிங்ஸ். ஒன்றரை மணித்தியாலம் யாரும் தொடாமல் இருந்தால் லெப்டொப் நித்திரைக்குப் போகும், நடுவில் யூஎஸ்பியும் படுத்துவிடும். சார்ஜரைச் செருகி, ஸ்லீப்பை 'நெவர்' ஆக்கி, மூடியைத் திறந்தபடி வைத்துச் செய்ய வேண்டும். பிறகு வைரஸ் எதிர்ப்பு மென்பொருள். காசு கொடுத்து வாங்கியது ஏதும் போட்டிருந்தால் அந்த நேரத்துக்கு நிறுத்தி வையுங்கள். சிலது பென் ட்ரைவில் விண்டோஸ் கோப்புகள் எழுதப்படுவதைப் பார்த்துப் பயந்து தடுத்துவிடும். யூஎஸ்பி ஹப் வழியாகச் செருகியிருந்தால் நேராக லெப்டொப்பிலேயே செருகுங்கள். இவ்வளவும் செய்தும் நின்றால் விண்டோஸின் சொந்தக் கோப்புகளே கெட்டிருக்கலாம், அதற்கும் மேலே சொன்ன ரிப்பெயர் இன்ஸ்டோல்தான் மருந்து.

தங்கையின் லெப்டொப் விண்டோஸ் 10 என்றபடியால் ஒரு பக்கக் கதை. 2024 ஜனவரியில் விண்டோஸ் 10க்கு வந்த ஒரு பாதுகாப்பு அப்டேட் பல கணினிகளில் 80070643 என்று முடியும் பிழை எண்ணைக் காட்டி நின்றது. காரணம், வின்ஆர்ஈ இருக்கும் அந்தச் சின்னப் பகுதியில் அது 250 எம்பி வெற்றிடம் கேட்டது, பழைய லெப்டொப்புகளில் அவ்வளவு இடம் இல்லை. இத்தனை கால அனுபவத்தில் வாடிக்கையாளர்கள் ரிக்கவரி பகுதி என்று ஒன்று இருப்பதை அறிந்து வந்து கேட்டது அந்த மாதம்தான். தங்கையின் அப்டேட் பட்டியலில் அந்த எண் இருந்தால் திடுக்கிட வேண்டாம். பெரிய கவலை வேறு: விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. லெப்டொப் 11க்குத் தகுதியானதா என்று பார்த்து, தகுதி என்றால் முதலில் 11க்குப் போய்விட்டுப் பிறகு ரிக்கவரி ட்ரைவ் செய்யச் சொல்லுங்கள். 10இல் செய்த ட்ரைவ் திரும்ப 10ஐத்தான் போடும்.

அப்புறம், தங்கையின் லெப்டொப்பில் அது வெற்றியாக முடிந்திருந்தாலும் அந்த ட்ரைவ் உங்களுக்கு உதவியிராது. அதற்குள் போவது அந்த லெப்டொப்பின் விண்டோஸ், அந்த லெப்டொப்பின் ட்ரைவர்கள். ஒவ்வொரு லெப்டொப்புக்கும் ஒவ்வொன்று.

எந்த அளவு வாங்குவது? மைக்ரோசொஃப்ட் 16 ஜிபி போதும் என்கிறது. எனக்கு அது மட்டுமட்டு. பெட்டியில் 16 என்று எழுதுகிறவர் ஜிபியை நூறு கோடி பைட் என்று கணக்கிடுகிறார். விண்டோஸ் 1024ஐ மூன்று தடவை பெருக்கிக் கணக்கிடுகிறது. 16 நூறு கோடியை அதால் பிரித்தால் 14.9 தான் வரும், பேரப்பிள்ளைக்குப் பயிற்சியாகக் கொடுக்கலாம். 32 ஜிபி வாங்குங்கள், பெயர் தெரிந்த பிராண்டாக, பற்றுச்சீட்டு தரும் கடையில். 64, 128 எல்லாம் காசை வீணாக்குவது. ரிக்கவரி ட்ரைவ் ஃபேட்32 முறையில் ஃபோர்மட் ஆகிறது, விண்டோஸ் அதற்கு 32 ஜிபிக்கு மேல் எடுக்காது, மிச்சம் சும்மா கிடக்கும்.

செய்யும் நாளில் அந்த ஒரு பென் ட்ரைவைத் தவிர வேறு எதையும் லெப்டொப்பில் செருகி வைக்காதீர்கள். இதை இரண்டு தடவை வாசியுங்கள். ஓர் அம்மா, படங்களைப் பிரதி எடுத்த வெளி ஹார்ட் டிஸ்க்கையும் பென் ட்ரைவையும் ஒன்றாகச் செருகி, பட்டியலில் ஹார்ட் டிஸ்க்கைத் தெரிவுசெய்துவிட்டார். எல்லாம் அழியும் என்று விண்டோஸ் எச்சரித்தது, எல்லாரையும் போல அவரும் வாசிக்காமல் அழுத்தினார். மகளின் கலியாணப் படங்கள். மூன்று நாள் உட்கார்ந்து முக்கால்வாசியை மீட்டுக் கொடுத்தேன், மேலே எழுதப்பட்ட மிச்சம் போனது போனதுதான்.

'சிஸ்டம் கோப்புகளையும் பிரதி எடு' என்ற பெட்டியில் சரி போட்டிருக்கட்டும். அதை எடுத்துவிட்டால் வேகமாக முடியும் என்று யாராவது சொல்வார்கள். முடியும்தான், ஆனால் அப்படிச் செய்தது பழுது பார்க்கும் கருவி மட்டும், எஸ்எஸ்டி செத்துவிட்டால் விண்டோஸைத் திரும்பப் போட உதவாது.

செய்து முடித்ததும் மேசை லாச்சிக்குள் போட்டுவிடாமல் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். ஷிஃப்ட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்தால் நீலத் திரை வரும், அதில் 'யூஸ் எ டிவைஸ்' என்பதில் பென் ட்ரைவைத் தெரிவுசெய்யுங்கள். விசைப்பலகை எந்த மொழி என்று கேட்கும் திரை வந்து, அடுத்ததற்குப் போக முடிந்தால் போதும், அணைத்துவிடுங்கள். 'ரிக்கவர் ஃப்ரொம் எ ட்ரைவ்' என்பதை மட்டும் தொட வேண்டாம். இந்தச் சோதனை வீண் என்று நினைக்காதீர்கள். 2025 ஒக்டோபர் 14 அப்டேட்டுக்குப் பிறகு விண்டோஸ் 11 வின்ஆர்ஈக்குள் யூஎஸ்பி விசைப்பலகையும் மவுஸும் வேலை செய்யாமல் போய், மைக்ரோசொஃப்ட் 20ஆம் திகதி அவசரத் திருத்தம் வெளியிட்டது. அந்த ஆறு நாளுக்குள் யாருக்காவது விண்டோஸ் படுத்திருந்தால் நீலத் திரையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருப்பார்கள்.

பிட்லொக்கர் பற்றி முன்பு ஒரு சொல் சொன்னேன். உங்கள் லெப்டொப்பில் அது ஓடுகிறதோ இல்லையோ, மைக்ரோசொஃப்ட் கணக்குக்குள் போய் 48 இலக்க ரிக்கவரி கீ ஏதும் பதிவாகி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் கொப்பியில் எழுதி வையுங்கள். பழுதான நேரத்தில் நீலத் திரை அதைக் கேட்கும், அந்த நேரம் லெப்டொப்பைத் திறந்து தேட முடியாது. வருடத்துக்கு ஒரு தடவை ரிக்கவரி ட்ரைவைப் புதிதாகச் செய்துகொள்ளுங்கள், விண்டோஸ் மாறிக்கொண்டே போகிறது.

கழற்றிய 1000 ஜிபி ஹார்ட் டிஸ்க்கைக் கடைக்காரர் திருப்பித் தந்தாரா? தந்திருந்தால் எங்காவது அலுமாரியில் இருக்கும். எறிந்துவிட வேண்டாம். அதற்குள் போன வருடம் வரையிலான படங்கள் எல்லாம் இன்னும் இருக்கின்றன. ஒரு யூஎஸ்பி கேஸ் வாங்கிப் போட்டால் வெளி ஹார்ட் டிஸ்க்காகப் பாவிக்கலாம். ஆறு வயதுக் கிழவர் என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம், இரண்டாவது பிரதியாக வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அதைக் கொட்டாஞ்சேனையில் தங்கை வீட்டிலும், தங்கையுடையதை உங்கள் வீட்டிலும் வையுங்கள்.

மருமகனுக்கு: சோதனையில் 8 ஜிபிதான் உண்மை என்று வந்தால், 7 ஜிபிக்கு மேல் பாட்டுப் போடாமல் வான் வண்டியில் வைத்துக்கொள்ளட்டும். பாட்டு நடுவில் நின்றால் ஒன்றும் குடி முழுகிப் போகாது. வேறு எதையும் அதில் வைக்க வேண்டாம், முக்கியமாக யாரும் அதில் கலியாண வீட்டு வீடியோ கேட்டு வாங்க வேண்டாம்.